காரையில் இருந்த கடல்

ஜனவரி 6, திங்கள்

ரெஜினாவின் அடக்கம் இன்று மாலை முடிந்தது. திரும்பி வந்து அடுப்பைத் துடைத்தேன். காலையில் பாலை வைத்துவிட்டு மறந்து போயிருக்கிறேன். பொங்கி வழிந்து மேடையெல்லாம் காய்ந்து கிடந்தது. காய்ந்த பால் லேசில் போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நேற்று காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள் தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாளாம். தம்பி அமல்தாஸ் தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. மாரடைப்பு. ஐம்பத்தேழு வயது. என்னைவிட ஒரு வயது சின்னவள்.

கோயிலுக்குள் நிற்க இடமில்லை. சிமென்ட் ஆலைகளில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள். மஸ்கட்டில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கும் ஒருவன் கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்துவிட்டான். கல்லூரி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் என்னிடம் வந்து, "மேடம் ஏறுனா எனக்குப் பொழுது போறதே தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடமாக அவளுடைய நெருங்கிய தோழி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இன்று அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றார்கள். யாரையும் தப்பு சொல்ல முடியாது போலிருந்தது.

கண்களைத் தானம் கொடுத்துவிட்டதாக அமல்தாஸ் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்திருந்தாளாம். என்னிடம் சொன்னதில்லை.

மூன்றாம் வருட மாணவி பவதாரிணியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. மேடையைத் துடைத்து முடிக்க நேரமாகிவிட்டது.

ஜனவரி 7, செவ்வாய்

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். "துறைத் தலைவர் நீங்க. ரெஜினா மேடத்தோட பேப்பரை நீங்கதான் முடிச்சுக் கொடுக்கணும்" என்றார். தொல்லுயிரியல் பாடம். நான் அதைப் படித்ததே கல்லூரி நாட்களில்தான்.

எங்கள் நிலவியல் துறையில் நான் பார்ப்பது பாறைகள். பாறையைக் காகிதத்தைவிட மெல்லியதாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். அவள் வெளியில் அலைகிறவள். கல்லுக்குள் இருக்கும் சங்கு, சிப்பி, பழைய உயிர்கள். "உனக்கு இருட்டு ரூம், எனக்கு வெயில். ரெண்டு பேருக்கும் கவர்மென்ட் ஒரே சம்பளம்தான் குடுக்குது, இது நியாயமா?" என்று கேட்பாள்.

பெரம்பலூர் பக்கம் காரை என்று ஒரு ஊர் இருக்கிறது. பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் அது கடல். இன்று வெறும் வறண்ட மண்மேடு. வருடா வருடம் மூன்றாம் வருடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவாள், கூடவே இரண்டாம் வருடத்தில் ஆசைப்படுகிறவர்களையும். இந்த வருடம் பிப்ரவரி ஒன்றாம் தேதி போவதாக இருந்தது. அதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்தக் கடல் எவ்வளவு ஆழம் என்பதில் எனக்கும் அவளுக்கும் தீராத சண்டை. ஆழம் என்பேன் நான். என் கண்ணாடித் துண்டுகள் அப்படித்தான் சொல்கின்றன. கரை பக்கத்தில்தான் என்பாள் அவள். ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் துறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல சார், கடல் கொந்தளிக்குது" என்றாள் ரெஜினா.

அட்டெண்டர் வந்து அவளுடைய நாற்காலியை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப் போகவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். கோப்புகளை வைக்க உதவும்.

ஜனவரி 9, வியாழன்

அவளுடைய வகுப்புக்குப் போனேன். விசித்திரமான பிள்ளைகள்.

கேள்வி கேட்டால், எழுந்து முதலில் தன் பெயரைச் சொல்கிறார்கள். "இர்ஃபான். அம்மோனைட், மேடம்." "பவதாரிணி. எனக்கு ஒரு சந்தேகம், மேடம்." நான் என்ன விசாரணை அதிகாரியா என்று கேட்டேன். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. "மிஸ் பழக்கினது மேடம்" என்றான் இர்ஃபான். என்னை மேடம் என்கிறார்கள். அவளை மட்டும் மிஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

பெஞ்சுகளுக்கு நடுவில் ஒரு பை கிடையாது, ஒரு குடை கிடையாது. என் வகுப்பில் தடுக்கி விழாமல் நடக்க முடியாது. மாதிரிக் கற்கள் வைத்த தட்டில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைத்தேன். முதல் வரிசைப் பெண் ஒருத்தி பதறி எழுந்து அதைப் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, அப்படியே அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவு ஒழுங்கு ரெஜினாவிடமிருந்து வந்ததா? அவள் மேஜையில் டிபன் பாக்ஸுக்கும் டைனோசர் எலும்புக்கும் வித்தியாசம் இருக்காது. நான் சொன்னால் சிரிப்பாள். கடைசி இரண்டு வருடமாகத்தான் மேஜையும் சுத்தமாக இருந்தது. வயதானால் எல்லோரும் திருந்துகிறோம்.

ஜனவரி 11, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தேன். மயில் நீலப் புடவை கையில் வந்தது.

என் கணவர் நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். கல்லூரி விட்டால் வீடு, வீடு விட்டால் கல்லூரி. மருந்து, குழாய், படுக்கைப் புண். அவர் போய் ஒரு வருடம் கழித்து ஒருநாள் காலையில் என்னவோ தோன்றி, இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அதுவரை சாம்பலும் வெளிர்ப் பழுப்புமாகவே கட்டிக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிக் கட்டச் சொல்லவில்லை. வேறு நிறம் எடுக்கக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

அன்று எல்லோரும் ஏதாவது ஒன்று சொன்னார்கள். நல்லாயிருக்கு மேடம், இப்பத்தான் மேடம் மேடமா இருக்கீங்க, இப்படி. எனக்குக் கூசியது. ரெஜினா மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. கேன்டீனுக்குப் போகும்போது வழக்கம்போல என் கையைக் கோத்துக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று பேசிக்கொண்டு வந்தாள். எவ்வளவு நாகரிகமான மனுஷி என்று நினைத்தேன். அதற்காக அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

புடவையில் அவளுக்கு ஆர்வம் கிடையாது. செருப்பு மாற்றினால் மட்டும் உடனே கண்டுபிடித்துவிடுவாள். "புதுசா நாயகி?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்பாள், நான் கதவைத் தாண்டுவதற்குள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. இனிப்பு கொஞ்சம் அதிகம்.

ஜனவரி 20, திங்கள்

காரைக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் முழங்காலும் அந்த ஓடைகளும் ஒத்துவராது. நான் வெளிக்களத்துக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. திருச்சியிலேயே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய் ஓர் அறிக்கை எழுதச் சொன்னால் போதும். வகுப்பில் சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மதியம் பவதாரிணியும் இர்ஃபானும் என் அறைக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், காரைக்குப் போகலைன்னா நாங்க மூணு வருஷம் படிச்சதுக்கு அர்த்தமே இல்ல" என்றாள் அவள்.

"அர்த்தமெல்லாம் பரீட்சையில இருக்கு. எனக்கு முழங்கால் வலிம்மா. அந்தக் காட்டுல நான் விழுந்து வச்சா யார் தூக்குவீங்க?"

"நாங்க கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவோம் மேடம். எங்களுக்கு நல்லாத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? ரெஜினா மேடம் முப்பது வருஷமா அங்க நடந்தவங்க. கண்ணைக் கட்டி விட்டாலும் போயிடுவாங்க."

இர்ஃபான் தரையைப் பார்த்தான். "அதான் மேடம்" என்றாள் பவதாரிணி. "போன வருஷம் அவங்க அப்படித்தான் போனாங்க. மிஸ்ஸுக்குக் கண்ணு தெரியாது."

என்ன உளறுகிறாய் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா மேடம். ஓரமெல்லாம் முன்னாடியே போயிடுச்சு. நடுவுல மட்டும் சின்ன ஓட்டை வழியா பாக்குற மாதிரித் தெரியும்னாங்க. போன வருஷம் அதுவும் மங்கிடுச்சு. உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். மன்னிச்சிடுங்க."

வெளியே போகச் சொன்னேன். சத்தம் போட்டுச் சொன்னேனா என்று நினைவில்லை. போய்விட்டார்கள். ஜன்னல் கதவு ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து கொக்கி போட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இரண்டாம் வருடத்துக்கு ஃபெல்ஸ்பார் கனிமம் பற்றிப் பாடம் எடுத்தேன்.

ஜனவரி 22, புதன்

நானே அவர்களைக் கூப்பிட்டேன். வகுப்பு முழுவதும் வந்து நின்றது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, எப்படி என்று மட்டும் கேட்டேன்.

மறைத்து வைத்திருந்தாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். இர்ஃபான் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். "'எனக்குக் கண்ணு முக்காவாசி போச்சு. மிச்சமும் போகும். இனிமே நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் தொட்டுச் சொல்றேன். ரெண்டையும் கூட்டுனா ஒரு முழு ஜியாலஜிஸ்ட் வரும். ஆனா ஒண்ணு, சும்மா சங்கு இருக்குதுன்னு சொன்னா எனக்குத் தெரியாது. எத்தனை சுத்து, வரி நேரா போகுதா வளையுதா, எந்தப் பக்கம் ஒடஞ்சிருக்கு, எல்லாம் சொல்லணும். நீங்க சொல்றதுதான் என் கண்ணு.'"

அப்படிச் சொல்லிச் சொல்லியே பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வருடமாக அவளுடைய மாணவர்களின் களஅறிக்கைகளைத் திருத்தியது நான்தான். "உன் வைவாவை நான் நடத்துறேன், என் பேப்பரை நீ திருத்து, எனக்குப் பேனா புடிச்சா தூக்கம் வருது" என்று என் தலையில் கட்டியிருந்தாள். அந்த அறிக்கைகளைப் படித்து நான் அசந்து போயிருக்கிறேன். ஒரு சிப்பியின் விளிம்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள், கண் முன்னால் வைத்த மாதிரி. இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று அவளிடமே கேட்டேன். "நான் எங்க சொல்லிக் குடுக்குறேன்? அவங்கதான் எனக்குச் சொல்றாங்க" என்றாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

கல்லைக் கையில் வாங்கித் தடவி, நாக்கு நுனியில் வைத்து, நகத்தால் கீறி, காதருகே தட்டிப் பார்ப்பாளாம். களிமண் நாக்கில் ஒட்டும், மணற்கல் ஒட்டாது. அது எல்லா நிலவியல்காரர்களும் செய்வதுதான். ஆனால் வெறும் விரலால், சுருள் சங்காகக் கல்லான ஓர் அம்மோனைட்டின் இனத்தைச் சொல்வாளாம். மாணவர்கள் வேண்டுமென்றே கற்களை மாற்றிக் கொடுத்து ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறைகூட முடியவில்லை. இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் துக்கமே இல்லை. மலையைப் பார்த்து வந்தவர்கள் மலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்கள்.

ஆபீஸுக்கு ஏன் தெரியக்கூடாது என்று கேட்டேன். "வேலை போகாது, சட்டம் இருக்குன்னு மிஸ்ஸுக்குத் தெரியும். ஆனா காரைக்கு விடமாட்டாங்க மேடம். வெயில்ல எதுக்கு, நாற்காலில உக்காந்து பாடம் எடுங்கம்பாங்க. நல்லதுக்குத்தான் சொல்வாங்க, அதான் பயமா இருக்குன்னு சொல்வாங்க" என்றாள் பவதாரிணி.

இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "என்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்களா?"

"உங்ககிட்ட மட்டும்தான் மேடம் சொல்லவே கூடாதுன்னாங்க" என்றான் இர்ஃபான். "நாங்க ஏன்னு கேட்டோம். 'அவளுக்குத் தெரிஞ்சா அன்னையிலருந்து என்னைப் பாத்துக்க ஆரம்பிச்சிடுவா. நாலு வருஷம் ஒரு மனுஷனைப் பாத்துட்டு இப்பத்தான் எந்திரிச்சு நிக்கிறா. தவிர, எனக்கு அவகூடச் சண்டை போடணும். கண்ணு தெரியாதவகூட அவ சண்டை போடமாட்டா'ன்னு சொன்னாங்க."

மின்விசிறி ரொம்ப வேகமாகச் சுற்றுகிறது, யாராவது குறையுங்கள் என்றேன்.

எல்லோரும் போன பிறகு பவதாரிணி மட்டும் வாசலில் நின்றாள். "இன்னொண்ணு மேடம். தினமும் காலைல கிளாஸுக்கு வந்ததும் கேப்பாங்க. 'இன்னிக்கு நாயகி என்ன கலர்?' நாங்க யாராவது எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லணும். ரொம்ப நாள் சாம்பல், பழுப்பு, சாம்பல்னே சொல்லிட்டு இருந்தோம். ஒருநாள் மயில் நீலம்னு சொன்னோம். 'நல்லாப் பாத்தீங்களா? நிஜமாவா?'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அன்னிக்கு கிளாஸ் எடுக்கல. கேன்டீன்லேருந்து எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எதுக்குன்னு சொல்லல."

சரி, போம்மா என்றேன்.

படிக்கட்டில் இறங்கும்போது, கேன்டீனுக்குப் போகும்போது, பஸ் ஸ்டாண்டில் என எங்கே போனாலும் என் கையைக் கோத்துக்கொள்வாள். அன்பில் என்று நினைத்தேன். வழி தெரியாமல்தான் என்று நேற்று பூராவும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா?

ஜனவரி 25, சனி

அமல்தாஸ் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சுக்கா" என்று கையைப் பிசைந்தார். கோபப்பட நினைத்துப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. டீயைக் குடித்தேன்.

ஒன்றை மட்டும் கேட்டேன். "பார்வையே இல்லாதவ கண்ணை எப்படித் தம்பி எடுத்துக்கிட்டாங்க?"

"நானும் அதைத்தான்க்கா டாக்டர்கிட்ட கேட்டேன். கெட்டுப்போனது பின்னாடி இருக்கிற விழித்திரையாம். முன்னாடி கருவிழி கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்குன்னார். ரெண்டு பேருக்கு வச்சிட்டாங்களாம். யாருன்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பார்வை வந்துடுச்சுன்னு மட்டும் போன் பண்ணாங்க."

அவர் அதை இயல்பாகச் சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் உயிரியல் படிக்காதவள் இல்லை. கருவிழி வேறு, விழித்திரை வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. அவளுக்கு ஒன்றும் காட்டாத கண். இந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ யாரோ இரண்டு பேர் இன்று அதன் வழியாகப் பஸ் நம்பரைப் பார்த்து ஏறியிருப்பார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எதிரே இருந்தவர்களின் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பெண் முறைத்தாள்.

ஜனவரி 27, திங்கள்

காரைக்குப் போக அனுமதிக் கடிதத்தோடு பிரின்சிபாலைப் பார்த்தேன். மியூசியம் என்றுதானே சொன்னீர்கள் என்றார். மனம் மாறிவிட்டது என்றேன்.

"உங்களால முடியுமா மேடம்? பள்ளமும் மேடுமா இருக்கும்னு சொல்றாங்க. பசங்க விழுந்து அடிபட்டா நாமதான் பதில் சொல்லணும். ரெஜினா மேடம் தனியா எப்படிச் சமாளிச்சாங்கன்னே தெரியல."

"நல்லா பாத்துக்கிட்டாங்க சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் ஒன்றும் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 1, சனி

காலையில் கிளம்பி, பாடாலூர் தாண்டி வலப்பக்கம் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் காரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஊருக்கு வெளியே நின்றுகொண்டது. அதற்கு மேல் நடை.

படத்தில் பார்ப்பது வேறு. வயல் முடிகிற இடத்தில் தரை திடீரென்று கிழிந்துவிடுகிறது. மழை அறுத்த ஓடைகள், ஓடைக்குள் ஓடை. மஞ்சளும் சிவப்பும் சாம்பலுமாக, தோல் உரித்த உடம்பு போல மண் மேடுகள். ஒரு மரம் இல்லை. மண் முழுக்க ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லுகளாக மின்னின. குனிந்தால், பென்சில் முனை போன்ற பழுப்புக் கற்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கணவாய் மாதிரி ஓர் உயிருக்குள் இருந்த ஓடு. எதையும் எடுக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். எடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வேறொருவர் வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

பவதாரிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஓடையில் இறங்கியதும் வெள்ளாடுகள் நான்கைந்து குறுக்கே ஓடின. பின்னாலேயே ஒரு பெண் வந்தாள், நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு. பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அந்த டீச்சரம்மா வரலியா? செருப்பில்லாம நடக்குமே, அது?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

"ரெஜினா செத்துப்போயிட்டாம்மா" என்றேன்.

அந்த வார்த்தையை நான் இதுவரை சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை, இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். வெளியே வந்ததும் அது என்னுடைய குரல் மாதிரியே இல்லை. அப்படியே ஓடை மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று தோன்றியது, ஆனாலும் நிற்கவில்லை. அந்தப் பெண்ணும் எதிரே உட்கார்ந்து, துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆடுகளை எங்கேயோ போக விட்டுவிட்டு, என்னோடு அழுதாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கொஞ்சம் அடங்கியதும் அவள் சொன்னாள். "இந்த மண்ணு காலைக் கிழிக்கும்மா. நானே செருப்பில்லாம நடக்க மாட்டேன். ஏன் டீச்சர் செருப்பக் கழட்டுறன்னு கேட்டேன். 'கடல்ல யாராச்சும் செருப்போட எறங்குவாங்களா'ன்னு கேட்டுச்சு. இங்க எங்கம்மா கடலு இருக்குன்னேன். 'இந்தா நிக்கிறியே, உன் கழுத்துக்கு மேல தண்ணி'ன்னுச்சு. நான் சிரிச்சேன். அப்புறம் ஆட்டை ஓட்டிட்டுப் போவையில எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. அன்னையிலருந்து இந்தப் பக்கம் வந்தா அண்ணாந்து பாப்பேன்."

அவள் எழுந்து ஆடுகளைத் தேடிப் போனாள். போகும்போது நிஜமாகவே ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

ரெஜினா ஏன் செருப்பைக் கழற்றினாள் என்று எனக்குத் தெரியும். உள்ளங்காலால் பாறையைப் படித்திருக்கிறாள். களிமண் முடிந்து மணல் தொடங்கும் இடம் காலுக்குத் தெரியும். ஆனால் ஆட்டுக்காரப் பெண்ணிடம் அவள் சொன்னது பொய்யும் இல்லை.

பிள்ளைகள் ஓடைச் சரிவில் ஏறி, கீழிருந்து மேல்வரை ஓர் அடுக்குக்கு ஒருவராக நின்றார்கள். இதைத்தான் மிஸ்ஸோடு செய்வோம் என்றாள் பவதாரிணி. அடியில் இருப்பது மூத்த அடுக்கு. மேலே போகப் போக இளையது. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருப்பதைச் சொல்ல, கீழே நின்று கேட்டு ரெஜினா கடலைச் சொல்வாளாம்.

நான் கீழே நின்றேன். பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"இர்ஃபான்" என்று முதல் குரல் வந்தது. "சாம்பல் களிமண் மேடம். மாவு மாதிரி மெல்லிசு. அடுக்கு கலையவே இல்ல. கணவாய் ஓடு நிறைய இருக்கு, எல்லாம் படுத்த வாக்குல."

ரெஜினா பதில் சொல்ல வேண்டிய இடம் அது. காற்று மட்டும் வந்தது.

"ஆழம்" என்றேன். "அலை எட்டாத ஆழம். இருட்டு. மேலேருந்து செத்து விழுந்ததெல்லாம் மெதுவா வந்து படியுது. கலைக்க யாரும் இல்ல."

அடுத்த குரல் மேலிருந்து வந்தது. மணல் கலக்கிறது, களிமண் வெளிறுகிறது, ஒரு கட்டை கல்லாகிக் கிடக்கிறது, அதில் புழு துளைத்த ஓட்டைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் போகும் அளவு. எங்கோ கரையில் ஒரு காடு, ஆற்றில் வந்த மரம் என்றேன். மரத்தை வைத்துக் கரை பக்கம் என்று ரெஜினா சொல்லியிருப்பாள். மரம் மிதந்து எவ்வளவு தூரமும் போகும், அதையெல்லாம் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று உரக்கவே சொல்லிவிட்டேன். மேலே யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

குரல்கள் ஏற ஏற நானும் ஏறினேன். ஒரு கை எப்போதும் யாருடைய கையிலாவது இருந்தது. குளிர்ந்த வழவழப்பு, பிறகு நறநறப்பு, பிறகு உடைந்த சிப்பி ஓடுகளின் கூர்மை, ஒவ்வொன்றும் காலுக்குத் தெரிந்தது. சிப்பிகள் கனத்துக்கொண்டே வந்தன. வெளிச்சம் எட்டுகிறது, அலை அடித்து உடைக்கிறது என்று சொன்னேன். முப்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் பார்த்த கடல். அதை நான் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்று அது முழுவதுமாக வந்து என்னைச் சுற்றி நின்றது, இவ்வளவு பெரிதாக. அதன் அடியில் நாங்கள் இத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தோம். இதைத்தான் வருடா வருடம் கண் இல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"கடைசி மேடம்" என்றாள் பவதாரிணி, மிக அருகில். "இதுக்கு மேல வயல்."

கண்ணைத் திறந்தேன். வெயில். தூரத்தில் ஒரு டிராக்டர். உள்ளங்கால் இரண்டிலும் ரத்தக் கீறல்கள், வலிக்கவே இல்லை. பிள்ளைகள் எதையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். குனிந்து பார்த்தேன். இடது கையால் புடவையைக் கொசுவத்தோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்து, நனைந்துவிடாமல் முழங்கால் வரை தூக்கி வைத்திருந்தேன்.